எம்.எஸ்சி. புள்ளியியல் தொடங்க 10 வாரம் இருக்கிறது: எதைப் படிப்பது, எதை இப்போதைக்கு விடுவது?

அலைடு_மட்டும்:

வணக்கம். பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு எம்.எஸ்சி. புள்ளியியலில் சேருகிறேன். இளங்கலையில் புள்ளியியல் இரண்டு செமஸ்டர் அலைடு பாடம் மட்டும்தான்: சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு, பாய்சான் பரவல், இயல்நிலைப் பரவல், டி-சோதனை, கை-வர்க்கச் சோதனை. எல்லாமே சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை எடுத்ததோடு சரி. முதல் செமஸ்டரில் மெஷர் தியரியோடு (அளவைக் கோட்பாடு) நிகழ்தகவு, லீனியர் மாடல்கள், பரவல் கோட்பாடு, கூறெடுப்பு, ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழிக்கான லேப் என்று ஐந்து தாள்.

வகுப்பு தொடங்க 10 வாரம் இருக்கிறது. தினம் 3 மணி நேரம் ஒதுக்க முடியும். மெஷர் தியரிதான் ஆளைக் கவிழ்க்கும் என்கிறார்கள், அதிலேயே தொடங்கலாமா? ஆர் போதுமா, பைத்தானும் வேண்டுமா? புத்தகப் பட்டியல் ஏற்கெனவே நிறையச் சேர்ந்துவிட்டது, அது வேண்டாம். எந்த வரிசையில், எதுவரை என்று சொன்னால் போதும்.

ஹேட்_மேட்ரிக்ஸ்:

மெஷர் தியரிக்குப் பயந்து 10 வாரத்தையும் அதில் கொட்டாதீர்கள். அதை வகுப்பில் முதல் வரியிலிருந்து நடத்துவார்கள். லீனியர் ஆல்ஜீப்ராவை நடத்த மாட்டார்கள். "இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்" என்று இரண்டாவது வகுப்பிலேயே தாண்டிப் போய்விடுவார்கள். கணிதம் படித்து வருபவர்கள் ஏமாறுவது இங்கேதான். பி.எஸ்சி.யில் பார்த்தது வெக்டர் ஸ்பேஸ், பேஸிஸ், ஐகன் மதிப்பு, கேலி-ஹாமில்டன். இங்கே தினமும் கையாள வேண்டியது ப்ரொஜெக்‌ஷன், அணியின் தரம், குவாட்ரடிக் ஃபார்ம், ஜெனரலைஸ்டு இன்வர்ஸ். முதல் 4 வாரத்தை இதற்குக் கொடுங்கள்.

தொடக்கத்துக்கு ஒரு சின்னக் கணக்கு, கண்டிப்பாகக் கையால். எக்ஸ் 1, 2, 3. ஒய் 2, 3, 5. நேர்கோடு பொருத்துங்கள். சாய்வு 1.5, வெட்டுத்துண்டு 1/3 வரும். பொருத்திய மதிப்புகள் 11/6, 10/3, 29/6. மிச்சங்கள் 1/6, −1/3, 1/6. மிச்சங்களைக் கூட்டினால் 0. ஒவ்வொன்றையும் அதனதன் எக்ஸால் பெருக்கிக் கூட்டினாலும் 0. அதாவது மிச்ச வெக்டர், வெறும் 1-களால் ஆன நிரலுக்கும் செங்குத்து, எக்ஸ் நிரலுக்கும் செங்குத்து. ரிக்ரெஷன் என்பது ஒய் வெக்டரை அந்த இரண்டு நிரல்களும் விரிக்கும் தளத்தின்மேல் செங்குத்தாக இறக்குவது, அவ்வளவுதான். வகையிடலைத் தொடாமலேயே நார்மல் சமன்பாடுகள் வந்துவிட்டன, கவனித்தீர்களா?

அடுத்து ஹேட் மேட்ரிக்ஸை (ஒய் வெக்டரைப் பொருத்திய மதிப்புகளாக மாற்றும் அணி) 3×3 ஆக முழுசாக எழுதுங்கள். மூலைவிட்டத்தில் 5/6, 1/3, 5/6. கூட்டினால் 2. மாடலில் மதிப்பிடும் பாராமீட்டர்களும் 2. மிச்சத்தின் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 3 − 2 = 1 என்பது இங்கிருந்துதான் வருகிறது. வேரியன்ஸுக்கு ஏன் என்−1-ஆல் வகுக்கிறோம் என்பதை அலைடில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். 1-களின் நிரல் மட்டும் உள்ள மாடலுக்கு இதே வேலையைச் செய்யுங்கள், அந்தக் கேள்வி தானே தீர்ந்துவிடும். ஓரத்துப் புள்ளிகளுக்கு 5/6, நடுப்புள்ளிக்கு 1/3 என்பதையும் ஒரு நிமிடம் பாருங்கள்: ஓரத்தில் இருக்கும் புள்ளி கோட்டைத் தன் பக்கம் இழுக்கிறது. லெவரேஜ் என்று பின்னால் சொல்லப்போவது இதைத்தான்.

பிறகு அனோவா. மூன்று உரம், உரத்துக்கு இரண்டு பாத்தி. பொது மதிப்புக்கு ஒரு நிரல், உரங்களுக்கு மூன்று நிரல். 6 நிரை, 4 நிரல். ஆனால் மூன்று உர நிரல்களையும் கூட்டினால் முதல் நிரல் வந்துவிடுகிறது, எனவே தரம் 3 தான். எக்ஸ் டிரான்ஸ்போஸ் எக்ஸுக்கு இன்வர்ஸ் கிடையாது. இதன் பொருள்: பொது மதிப்பில் 10-ஐக் கூட்டி, மூன்று உர விளைவுகளிலும் 10-ஐக் கழித்தால் எதிர்பார்க்கும் விளைச்சல் எதுவும் மாறாது. ஆகவே "முதல் உரத்தின் விளைவு எவ்வளவு" என்பதற்குத் தரவில் விடையே இல்லை. "முதல் உரத்துக்கும் இரண்டாவதுக்கும் வித்தியாசம் எவ்வளவு" என்பதற்கு உண்டு. எஸ்டிமபிள் ஃபங்ஷன் என்ற அத்தியாயம் முழுக்க இந்த ஒரு விஷயம்தான்.

ஆர் இந்தச் சிக்கலை முதல் பிரிவை 0 என்று வைத்துச் சமாளிக்கிறது. சாஸ் என்ற இன்னொரு மென்பொருள் கடைசிப் பிரிவை 0 என்று வைக்கிறது. அதனால் ஒரே தரவுக்கு இரண்டிலும் கெழுக்கள் வேறு வேறாக வரும். யாரும் தப்புச் செய்யவில்லை, வித்தியாசங்களை எடுத்துப் பாருங்கள், ஒன்றாக இருக்கும்.

முடிக்க வேண்டிய எல்லை: சமச்சீர் ஐடெம்பொட்டென்ட் (தன்னாலேயே பெருக்கினாலும் மாறாத) அணியின் ஐகன் மதிப்புகள் 0 அல்லது 1 மட்டும் என்பதையும், அதனால் தரமும் ட்ரேஸும் (மூலைவிட்டக் கூடுதல்) சமம் என்பதையும் தாளைப் பார்க்காமல் நிரூபிக்க வேண்டும். ஸ்பெக்ட்ரல் டிகம்போசிஷன், பிரித்து எழுதிய அணியின் இன்வர்ஸ், பாசிட்டிவ் டெஃபினிட் சோதனைகள். இவை கைவந்தால் காக்ரன் தேற்றம் ஒரு மாலை வேலை. ஜோர்டான் வடிவம், டூயல் ஸ்பேஸ் எல்லாம் இப்போது வேண்டாம்.

பாய்சான்_மீன்:

ஹேட் சொன்ன வரிசை சரி, அளவுதான் கொஞ்சம் அதிகம். கணிதம் படித்தவருக்கு அதற்கு 3 வாரம் போதும். மிச்சத்தில் 4 வாரம் நிகழ்தகவுக்கு வேண்டும், அதுவும் நிபந்தனை எதிர்பார்ப்புக்கு. அலைடில் அதைத் தொட்டே இருக்க மாட்டார்கள். இங்கேயோ அது இல்லாமல் ஒரு தாளும் நகராது: போதுமான புள்ளியளவை, ராவ்-பிளாக்வெல், பேயீஸியன், மார்கோவ் சங்கிலி, எல்லாம் அதன்மேல் நிற்பவை.

ஒரு கணக்கு தருகிறேன், விடை சொல்லவில்லை. 0-க்கும் 1-க்கும் இடையே சீரான பரவலிலிருந்து ஓர் எண் எடுங்கள். அதையே தலை விழும் நிகழ்தகவாகக் கொண்ட ஒரு நாணயத்தை 10 முறை சுண்டுங்கள். தலைகளின் எண்ணிக்கைக்குச் சராசரி என்ன, வேரியன்ஸ் என்ன?

இரண்டாவது, மாறிகளை மாற்றும் கணக்குகள். ஜாக்கோபியனில் யாரும் தப்பு விடுவதில்லை. தப்பு எல்லையில்தான். எக்ஸும் ஒய்யும் 0 முதல் 1 வரை சீரான, சார்பற்ற மாறிகள். கூடுதலை யு என்றும், எக்ஸ் கழித்தல் ஒய்யை வி என்றும் வையுங்கள். கூட்டு அடர்த்தி 1/2 என்ற மாறிலி. உடனே "இரண்டாகப் பிரிகிறது, எனவே யுவும் வியும் சார்பற்றவை" என்று எழுதிவிடுவார்கள். படம் போடுங்கள். அந்த 1/2 ஒரு சாய்ந்த சதுரத்துக்குள் மட்டும்தான். யு 0-க்கு அருகில் இருந்தால் வியும் 0-க்கு அருகில்தான் இருந்தாக வேண்டும். கோவேரியன்ஸ் 0, ஆனால் சார்பு உண்டு. இதே கூடுதலும் கழித்தலும் இரண்டு சார்பற்ற நார்மல் மாறிகளுக்குச் செய்தால் (வேரியன்ஸ் சமமாக இருந்தால்) உண்மையிலேயே சார்பற்றவை. இந்த இரண்டையும் அடுத்தடுத்து போட்டுப் பார்த்தவர் "ஒட்டுறவு 0 என்றால் சார்பற்றவை" என்று இனி எழுத மாட்டார்.

மூன்றாவது, 0 முதல் தீட்டா வரையிலான சீரான பரவல். இன்ஃபரென்ஸ் தாளில் பாதிக் கேள்விகள் இதை வைத்துத்தான் மடக்குவார்கள். தீட்டாவை மதிப்பிட இரண்டு வழி: சராசரியை 2-ஆல் பெருக்குவது, அல்லது கூறின் மிகப் பெரிய மதிப்பை (என்+1)/என் ஆல் பெருக்குவது (என் என்பது கூறின் அளவு). இரண்டும் பிழைச்சாய்வு இல்லாதவை. கூறின் அளவு 10 என்றால் முதலாவதன் வேரியன்ஸ் தீட்டா வர்க்கத்தில் 30-இல் ஒரு பங்கு, இரண்டாவதன் வேரியன்ஸ் 120-இல் ஒரு பங்கு. நாலு மடங்கு வித்தியாசம். இப்போது கிராமர்-ராவ் எல்லையை (பிழைச்சாய்வு இல்லாத எந்த மதிப்பீட்டின் வேரியன்ஸும் இதற்குக் கீழே போகாது என்ற எல்லை) கண்ணை மூடிக்கொண்டு கணக்கிட்டால் 10-இல் ஒரு பங்கு என்று வரும். இரண்டுமே "எல்லைக்கு" கீழே போய்விட்டன! தேற்றம் உடையவில்லை. பரவலின் வரம்பே தீட்டாவைப் பொறுத்து நகர்வதால் தொகையீட்டுக்குள் வகையிடும் அனுமதி இல்லை, எனவே தேற்றம் இங்கே செல்லுபடியாகாது. நிபந்தனைகளை எதற்கு எழுதுகிறார்கள் என்பது இந்த ஒரு உதாரணத்தில் விளங்கிவிடும். (ராவ்-பிளாக்வெல்லும் இந்த எல்லையும் 1945-இல் சி.ஆர். ராவ் கல்கத்தாவில் இருந்தபோது வெளியிட்ட ஒரே கட்டுரையில் வந்தவை. இரண்டு தாள்களுக்கான பாடத்தை ஒரே கட்டுரையில் எழுதிவைத்துவிட்டார் மனுஷன்.)

மெஷர் தியரிக்கு ஒரு வாரம், அதுவும் ரியல் அனாலிசிஸைத் தூசு தட்ட. லிம்சப், லிமின்ஃப், எண்ணத்தக்க சேர்ப்பு, சீரான ஒருங்கல். இந்த ஓர் உதாரணத்தைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்: 0 முதல் 1/என் வரை மதிப்பு என், மற்ற இடத்தில் 0. ஒவ்வொரு சார்பின் தொகையீடும் 1. ஆனால் எல்லைச் சார்பு 0, அதன் தொகையீடும் 0. எல்லையையும் தொகையீட்டையும் இடம் மாற்ற டாமினேட்டட் கன்வர்ஜென்ஸ் ஏன் ஓர் ஆதிக்கச் சார்பைக் கேட்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பதில் இல்லை. லெபேக் அளவையைக் கட்டி எழுப்புவது, அளக்க முடியாத கணம், இவற்றை வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

அலைடு_மட்டும்:

இருவருக்கும் நன்றி. மூன்று புள்ளிக் கணக்கு முழுசாக வந்துவிட்டது. நாணயக் கணக்கில் சராசரி 5. வேரியன்ஸ் 10 × 1/2 × 1/2 = 2.5 என்று எடுத்தேன். சரியா?

பாய்சான்_மீன்:

5 சரி, 2.5 தப்பு. அது நிகழ்தகவு எப்போதும் 1/2 என்று நிலையாக இருக்கும் நாணயத்துக்கான விடை. இங்கே நாணயமே மாறுகிறது. வேரியன்ஸை இரண்டு துண்டாக்குங்கள்: நிபந்தனை வேரியன்ஸின் சராசரி, நிபந்தனைச் சராசரியின் வேரியன்ஸ். முதல் துண்டு, 10 × பி × (1−பி) என்பதன் சராசரி: 10/6, அதாவது 5/3. இரண்டாவது, 10 பி-யின் வேரியன்ஸ்: 100/12, அதாவது 25/3. கூட்டினால் 10. நீங்கள் எடுத்ததுபோல் நாலு மடங்கு.

சரிபார்க்க வேறு வழி: பீட்டா தொகையீட்டைப் போட்டால் 0 முதல் 10 வரை ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் நிகழ்தகவு 1/11 என்று வரும். அந்தச் சீரான பரவலின் வேரியன்ஸ் (121−1)/12 = 10. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால்தான் அடுத்த கணக்குக்குப் போக வேண்டும். இந்தத் தவறு பெயர் மாற்றிக்கொண்டு இரண்டாம் ஆண்டில் திரும்ப வரும், அப்போது அதற்கு ஓவர்டிஸ்பெர்ஷன் என்று பெயர்.

கூறெடுப்பாளர்:

ஆரா பைத்தானா என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. முதல் ஆண்டுக்கு ஆர் மட்டும் போதும். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கினால் மாற்றி மாற்றிக் குழம்புவீர்கள். ஓர் உதாரணம்: 2, 3, 5 என்ற மேற்படி மூன்று எண்களுக்கு வேரியன்ஸ் கேட்டால் ஆர் 2.333 தரும், பைத்தானின் நம்பை என்ற நூலகம் 1.556 தரும். முதலாவது என்−1-ஆல் வகுக்கிறது, இரண்டாவது நாம் வேறாகச் சொல்லாதவரை என்-ஆல் வகுக்கிறது. பைத்தானின் இன்னொரு நூலகமான பாண்டாஸோ மறுபடி என்−1.

ஆரில் புத்தகக் குறியீட்டை அப்படியே தட்டச்சு செய்வதால் வரும் தவறுகள்தான் அதிகம். புத்தகத்தில் நார்மல் பரவலுக்கு அடைப்புக்குள் வேரியன்ஸை எழுதுவார்கள், நார்மல் எண்களை உருவாக்கும் ஆர்நார்ம் கட்டளை கேட்பது திட்ட விலக்கத்தை. வேரியன்ஸ் 4 என்றால் 2-ஐக் கொடுக்க வேண்டும். எக்ஸ்பொனென்ஷியலுக்கு அது கேட்பது ரேட்: சராசரி 5 வேண்டுமென்றால் 1/5. காமாவிலும் ஷேப்புக்கு அடுத்து ரேட்தான், ஸ்கேல் வேண்டுமென்றால் பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஜியோமெட்ரிக் பரவல் முயற்சிகளை எண்ணுவதில்லை, வெற்றிக்கு முந்தைய தோல்விகளை எண்ணுகிறது, 0-இலிருந்து தொடங்கும். எதையும் நம்பாமல் ஒரு லட்சம் எண் உருவாக்கிச் சராசரியைப் பார்த்துவிட்டு மேலே போவது நல்ல பழக்கம்.

இன்னொன்று லேபில் மார்க் போகும் இடம். உரங்களை 1, 2, 3 என்று குறித்திருந்தால் ஆர் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு ஒரு நேர்கோட்டைப் பொருத்திவிடும், பிழைச் செய்தி எதுவும் வராது. அனோவா அட்டவணையில் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 2-க்குப் பதில் 1 என்று இருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. ஃபேக்டராக மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். எந்த வெளியீட்டிலும் முதலில் பார்க்க வேண்டியது பி-மதிப்பை அல்ல, டிகிரி ஆஃப் ஃப்ரீடத்தை.

வாரம் ஒரு சிமுலேஷன் செய்யுங்கள். நல்ல தொடக்கம்: அலைடில் படித்த, விகிதத்துக்கான 95% நம்பிக்கை இடைவெளி. உண்மை விகிதம் 0.1, கூறு 10 பேர். 10,000 முறை ஓட்டி, எத்தனை இடைவெளிகள் 0.1-ஐ உள்ளடக்குகின்றன என்று எண்ணுங்கள். 95% வராது, 65% அளவில் நிற்கும். காரணம் கையாலேயே தெரியும்: 10 பேரில் ஒருவருமே சிக்காத வாய்ப்பு 0.9-இன் 10-ஆம் அடுக்கு, கிட்டத்தட்ட 0.35. அப்போது மதிப்பீடு 0, திட்டப் பிழையும் 0, இடைவெளி ஒரு புள்ளியாகச் சுருங்கி உண்மையைத் தவறவிடுகிறது.

எத்தனை முறை ஓட்டுவது என்பதற்கும் கணக்கு உண்டு. 95% உள்ளடக்கத்தை 1,000 முறை ஓட்டி அளந்தால் அந்த அளவீட்டின் திட்டப் பிழையே 0.7 சதவீதப் புள்ளி. 94.2 வந்தது என்று முறையைக் குறை சொல்ல முடியாது. 10,000 என்றால் 0.22. சீட் (சமவாய்ப்பு எண்களின் தொடக்க எண்) வைக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் ரெக்கார்டு நோட்டில் ஒட்டிய எண்ணும் தேர்வன்று திரையில் வரும் எண்ணும் ஒத்துப்போகாது.

அடுத்த_வருஷம்:

இடையில் ஒரு கேள்வி. இந்த வருடம் சேராமல் ஐ.ஐ.டி. ஜாம் நுழைவுத் தேர்வில் மேத்தமேட்டிகல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் தாள் எழுதலாம் என்றிருக்கிறேன். இதே வரிசை அதற்கும் பொருந்துமா?

ஹேட்_மேட்ரிக்ஸ்:

பெருமளவு பொருந்தும். 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். அதில் மெஷர் தியரி இல்லை, ஜெனரலைஸ்டு இன்வர்ஸும் இல்லை. அந்த நேரத்தைக் கால்குலஸுக்கும் தொடர்வரிசை ஒருங்கலுக்கும் கொடுங்கள். நெகட்டிவ் மார்க் முதல் பகுதியான 30 ஒற்றை விடைக் கேள்விகளில் மட்டும், மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு. பல விடைக் கேள்விகள் 10-இல் அரைகுறையாகத் தேர்ந்தால் மதிப்பெண் கிடையாது. எண்ணை உள்ளிடும் 20 கேள்விகளுக்கு எழுத்து வழி நிரூபணம் தேவையில்லை, ஆனால் ஊகிக்க வழியும் இல்லை. பயிற்சியை அங்கே குவியுங்கள். ஐ.எஸ்.ஐ. (இந்தியப் புள்ளியியல் நிறுவனம்) எம்.ஸ்டாட் நுழைவுத் தேர்வு வேறு மாதிரி, அதில் விரிவாக எழுதும் தாளும் உண்டு. அதற்கு நிரூபணம் எழுதிப் பழக வேண்டும்.

அலைடு_மட்டும்:

கூறெடுப்புத் தாளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? அது சுலபம் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். அப்புறம் 4 ஜிபி மடிக்கணினி போதுமா?

கூறெடுப்பாளர்:

சூத்திரமாகப் படித்தால் சுலபம்தான், தரவைத் தொட்டதும் சுலபம் போய்விடும். மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் தொழிலாளர் கணக்கெடுப்பான பி.எல்.எஃப்.எஸ்.-இன் தனிநபர் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. 2017-18 சுற்றிலேயே 4 லட்சத்துக்கும் மேற்பட்ட நபர்கள். அந்தச் சுற்றின் கோப்பு காற்புள்ளியால் பிரிக்கப்பட்டதாக இருக்காது. ஒவ்வொரு வரியும் இடைவெளி இல்லாத ஓர் எண் சரம். எத்தனையாவது எழுத்திலிருந்து எதுவரை வயது, எதுவரை வேலைநிலை என்பது தனி எக்செல் கோப்பில் இருக்கும். ஓர் இடம் தள்ளிப் படித்தாலும் பிழைச் செய்தி வராது, 7 வயதுக் குழந்தைகள் அலுவலகம் போவார்கள். எனவே முதலில் வயதின் பரவலை அச்சிட்டுப் பாருங்கள்.

மல்டிப்ளையர் நிரலை (கூறில் உள்ள ஒருவர் நாட்டில் எத்தனை பேருக்காக நிற்கிறார் என்பதற்கான எண்) அப்படியே எடையாகப் போடக் கூடாது. அதை 100-ஆல் வகுப்பதா 200-ஆல் வகுப்பதா என்ற விதி கூடவே வரும் குறிப்புக் கோப்பில் இருக்கிறது. எடையே போடாவிட்டால் வரும் விகிதம் கூறில் சேர்ந்தவர்களுடையது, நாட்டுடையது அல்ல. எடை போட்டும் வழக்கமான திட்டப் பிழைச் சூத்திரத்தைப் போட்டால் அடுத்த தவறு. முதலில் கிராமம் அல்லது நகரத் தொகுதி, பிறகு அதற்குள் வீடுகள் என்று எடுத்திருக்கிறார்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பார்கள். ஊருக்கு 8 வீடு, ஒரே ஊர் வீடுகளுக்கிடையே ஒட்டுறவு 0.1 என்று வைத்தால் வேரியன்ஸ் 1 + 7 × 0.1 = 1.7 மடங்கு. திட்டப் பிழை சுமார் 30% கூடுகிறது. ஆரில் சர்வே என்ற பேக்கேஜுக்குக் கிளஸ்டர், அடுக்கு, எடை மூன்றையும் சொன்னால் அது பார்த்துக்கொள்ளும்.

4 ஜிபி போதும். கோப்பு முழுவதையும் ஏற்றாமல் வேண்டிய ஏழெட்டு நிரல்களை மட்டும் படியுங்கள், பிரவுசரை மூடி வையுங்கள்.